எந்த ஆஃபிஸ் நம் காதுக்கு ஏற்றது?

வாசகர் கேள்வி – பதில்

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிவுக்கு வந்தது. அதே நாளில் ஆஃபிஸ் 2016, ஆஃபிஸ் 2019 ஆகிய இரண்டின் ஆதரவும் முடிந்தது. அதன் பிறகு பார்வை மாற்றுத்திறனாளி வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை, எந்த ஆஃபிஸ் பதிப்பை வாங்குவது, எதை விடுவது என்பதையே வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன. ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்று குறிப்பிடுகிறேன்; என்விடிஏ, ஜாஸ் ஆகியவை அத்தகையவை. ஸ்கிரீன் ரீடர் என்றே சொல்லிப் பழகியவர்கள் அப்படியே படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றும், முழுமையாகப் பார்வையற்ற ஊழியர். வீட்டில் பல ஆண்டுகளாக விண்டோஸ் 7, ஆஃபிஸ் 2010, என்விடிஏ ஆகியவற்றை வைத்தே காலம் தள்ளிவிட்டேன். இப்போது விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி வாங்குகிறேன். கடைக்காரர் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா எடுக்கச் சொல்கிறார். உடன் பணிபுரியும் நண்பர், ஒரே முறை பணம் கட்டி ஆஃபிஸ் 2024 வாங்கிக்கொள் என்கிறார். இன்னொருவர், 2016தான் நம்மவர்களுக்குச் சரிப்படும், நானே போட்டுத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வங்கி ஊழியர், திண்டுக்கல்

பதில்: மூன்றாமவர் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஆஃபிஸ் 2016க்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. வங்கிப் பணியில் இருக்கும் உங்களுக்கு மின்னஞ்சலில் வரும் கோப்புகளைத் திறப்பதே பாதி வேலையாக இருக்கும்; அவற்றை ஆதரவு முடிந்த மென்பொருளில் திறப்பது நல்லதன்று. 'போட்டுத் தருகிறேன்' என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. உரிமமின்றி நிறுவப்பட்ட ஆஃபிஸ் ஒருநாள் தன் வசதிகளை முடக்கிக்கொள்ளும்போது, பார்வையுள்ளவர் திரையின் மேலே தோன்றும் எச்சரிக்கைப் பட்டையைப் பார்த்துக் காரணத்தைப் புரிந்துகொள்வார். நமக்கோ, தட்டச்சு ஏன் நின்றுபோனது என்று கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகும்.

ஆனாலும் அந்த நண்பர் 2016ஐ விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். பார்வையுள்ளவர் ஒரு பொத்தானை அது இருக்கும் இடத்தைக் கொண்டு நினைவில் வைக்கிறார். அது இரண்டு விரற்கடை நகர்ந்தாலும் கண் தேடிப் பிடித்துவிடும். நாம் நினைவில் வைப்பது விசைகளின் வரிசையை: முதலில் ஆல்ட், பிறகு ஹெச், பிறகு இன்ன எழுத்து, பிறகு மூன்று முறை கீழம்பு. அதில் ஒன்று மாறினாலும் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் மாறிவிடும். விரல் பழைய பழக்கத்தில் போய் வேறெதையோ அழுத்திவிட்டு வரும். அது எதை அழுத்தியது என்பதைக் கண்டறிவது தனி வேலை.

2007இல் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பொத்தான் பட்டை வந்தபோது இதை நான் முழுமையாக அனுபவித்தேன். அப்போது நான் பணிபுரிந்த அலுவலகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆஃபிஸ் 2003ஐ நீக்கிவிட்டு 2007ஐ நிறுவிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒரு கடிதத்தின் ஓர இடைவெளியை மாற்ற வேண்டியிருந்தது. 2003இல் ஆல்ட் எஃப், பிறகு யு என்று அழுத்தினால் பேஜ் செட்டப் வந்துவிடும். புதியதில் ஆல்ட் எஃப் அழுத்தினால் வேறொரு பட்டியல் திறந்தது. எத்தனை முறை கீழம்பை அழுத்தியும் அதில் பேஜ் செட்டப் அகப்படவில்லை. ஆல்ட், பி (P), எஸ், பி (P) என்ற புதிய வரிசையைக் கண்டுபிடித்தபோது மதிய உணவு நேரம் ஆகியிருந்தது. அந்த வரிசை இன்றுவரை மாறவில்லை என்பது வேறு விஷயம்.

மாறாதவை இன்னும் உண்டு. எக்செலில் சூத்திரத்தை விட்டுவிட்டு மதிப்பை மட்டும் ஒட்டுவதற்கு 2003 காலத்தில் ஆல்ட், ஈ, எஸ், வி என்று அழுத்துவோம். எடிட் என்ற மெனுவே ஒழிந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்பும், இந்த நான்கு எழுத்துகளும் மைக்ரோசாஃப்ட் 365இல் அப்படியே வேலை செய்கின்றன. 2010இல் நீங்கள் பழகிய ரிப்பன் வரிசைகளில் பெரும்பகுதியும் செல்லுபடியாகும். எனவே புதிய பதிப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும் என்ற அச்சம் தேவையில்லை.

ஆஃபிஸும் திரைவாசிப்பானும் விண்டோஸும் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பார்த்துப் பதிப்பைத் தேர்வது நல்லது. பழைய முறையில் என்விடிஏ வேர்டின் உள்ளமைப்புக்குள் நுழைந்து, இந்த எழுத்தின் அளவு என்ன, இது தலைப்பா, இதில் இணைப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியது. அட்டவணைகள் நிறைந்த நீண்ட ஆவணத்தில் இந்த விசாரணையெல்லாம் தாமதமாக நம் காதில் விழும்: கீழம்பை அழுத்திவிட்டுக் குரலுக்காகக் காத்திருப்போம். புதிய முறையான யூஐ ஆட்டோமேஷன் என்பது விண்டோஸே வகுத்துத் தந்துள்ள பொதுவான அணுகல் முறை. விண்டோஸ் 11இல், 16.0.15000 அல்லது அதற்குப் பிந்தைய எண் கொண்ட வேர்டைக் கண்டால் என்விடிஏ தானாகவே இம்முறைக்கு மாறிக்கொள்கிறது. ஆஃபிஸ் 2024இன் உள் எண் 17000ஐத் தாண்டியது, 365உம் அவ்வாறே. நிறுவனங்களுக்கு மொத்த உரிமத்தில் வழங்கப்படும் எல்டிஎஸ்சி 2021 மட்டும் 14332 என்ற எண்ணிலேயே நின்றுவிட்டதால் இந்த வரம்புக்குக் கீழே இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் இருப்பது எது என்று ஃபைல் தாவலில் உள்ள அக்கவுண்ட் பக்கத்தில் பாருங்கள். பெயரில் 2021 என்று ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே எண் வேறாக இருக்கலாம். இதற்கு மாறாக, உங்கள் விண்டோஸ் 7 கணினியில் 2023.3 வரிசைக்குப் பிந்தைய என்விடிஏ எதுவும் நிறுவப்படாது; ஆஃபிஸை மட்டும் மாற்றி அங்கேயே தங்கியிருக்கவும் வழியில்லை.

இனி 365ஆ, 2024ஆ என்பது. 365இல் வசதிகள் வந்துகொண்டே இருக்கும். திரைவாசிப்பானுக்கான திருத்தங்களும் அங்கேதான் முதலில் வந்து சேரும். கூடவே பொத்தான்கள் இடம் மாறும், புதிய பலகங்கள் முளைக்கும், கேளாத அறிவிப்புகள் குறுக்கே பேசும். 2024இல் பாதுகாப்பு, தரத் திருத்தங்கள் மட்டுமே வரும். இன்று பழகிய வரிசை 2029 அக்டோபர் 9 அன்று ஆதரவு முடியும்வரை அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் கடிதத்திலிருந்து, வேலையில் பெரும்பகுதி எக்செல் பட்டியல்களும் வேர்டில் அலுவலகக் கடிதங்களும் என்று புரிகிறது. அப்படியானால் 2024ஐ வாங்குங்கள். ஒரே ஆவணத்தைப் பலர் ஒரே நேரத்தில் திருத்துவது, அதில் குறிப்புரைகள் எழுதி விவாதிப்பது போன்றவை உங்கள் அன்றாட வேலையாக இருந்தால் மட்டுமே நான் 365 பக்கம் சாய்வேன். அவுட்லுக் வேண்டுமென்றால் ஹோம் அண்ட் பிசினஸ் என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். ஹோம் என்று மட்டும் உள்ளதில் அது இல்லை. சக ஊழியர் வேறு பதிப்பு வைத்திருக்கிறாரே என்று கவலைப்பட வேண்டாம், 2007 முதல் எல்லாப் பதிப்புகளும் ஒரே கோப்பு வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன.

நிறுவிய முதல் நாளே செய்ய வேண்டியவை சில உண்டு. ஆல்ட் எஃப், பிறகு டி (T) அழுத்தி ஆப்ஷன்ஸ் சாளரத்துக்குச் செல்லுங்கள். ஜெனரல் பிரிவில், தொடங்கும்போது ஸ்டார்ட் ஸ்கிரீனைக் காட்டு என்ற தெரிவுப் பெட்டியை நீக்கிவிட்டால் வேர்ட் நேராக வெற்று ஆவணத்தில் திறக்கும். சேவ் பிரிவில், விசைகளால் கோப்பைத் திறக்கும்போதும் சேமிக்கும்போதும் பேக்ஸ்டேஜை (ஃபைல் தாவலின் முழுப் பக்கத்தை) காட்டாதே என்ற பெட்டியைத் தேர்ந்துவிட்டால், கன்ட்ரோல் ஓ அழுத்தியதும் உங்களுக்கு 2010இல் பழக்கமான உரையாடல் பெட்டி வரும். புதிய பதிப்புகள் கடினம் என்று நம்மவர்கள் சொல்வதில் பாதி இந்த ஒரு பெட்டியால் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம். எஃப்12 அழுத்தினால் எப்போதும் பழைய சேவ் ஆஸ் பெட்டியே திறக்கும். சாளரத்தை எப்போதும் முழு அளவில் வைத்திருங்கள். அகலம் குறைந்தால் ரிப்பனில் உள்ள பொத்தான்கள் ஒரே தலைப்பின்கீழ் சுருங்கிக்கொள்ளும். டேப் விசையால் நகர்பவருக்கு வரிசை மாறிவிடும். ஒரு கட்டளை எங்கே என்று தெரியாதபோது ஆல்ட் கியூ அழுத்தி அதன் பெயரைத் தட்டச்சு செய்தால் போதும்; 2010இல் இந்த வசதி இல்லை.

எக்செல் பற்றி ஒன்று. கணக்கு எண், பெயர், இருப்பு என்று மூன்றாம் வரிசையில் தலைப்புகள் உள்ள ஒரு பட்டியலில் நீங்கள் நாற்பதாம் வரிசையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வலது அம்பை அழுத்தினால் என்விடிஏ '48500, சி 40' என்று மட்டுமே சொல்லும். அது இருப்பா, கடன் பாக்கியா என்று தெரியாது. ஏ3 கலத்துக்குச் சென்று என்விடிஏ (அதாவது இன்சர்ட்), ஷிஃப்ட், சி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். அதன் பிறகு கீழே எந்த வரிசையில் நின்று பக்கவாட்டில் நகர்ந்தாலும் 'இருப்பு, 48500' என்று தலைப்போடு சேர்த்துச் சொல்லும். இந்தக் குறிப்பு கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுவதால், அதே கோப்பை ஜாஸில் திறக்கும் உங்கள் நண்பருக்கும் தலைப்புகள் தாமாகவே கேட்கும். கணக்குப் பட்டியலைத் தயாரிப்பவர் பார்வையுள்ளவராக இருந்தாலும், ஒருமுறை நீங்கள் குறித்து வைத்துத் திருப்பி அனுப்பினால் அடுத்த மாதமும் அதே கோப்பைத்தான் நிரப்பித் தருவார்.

கேள்வி: அரசுக் கல்லூரி அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எங்களுக்கு மைக்ரோசாஃப்ட் 365 தரப்பட்டுள்ளது. சில மாதங்களுக்கு ஒருமுறை காலையில் வந்து பார்த்தால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. சென்ற முறை வேர்டில் குறிப்புரைகளைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. பழைய பதிப்புக்கே திருப்பித் தரச் சொல்லிக் கேட்கலாமா?
– அலுவலக உதவியாளர், திருநெல்வேலி

பதில்: பழைய பதிப்பைக் கேட்காதீர்கள்; தடத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நிறுவனங்களுக்கான 365இல் புதுப்பிப்புகள் வெவ்வேறு தடங்களில் வருகின்றன. கரன்ட் சேனல் என்பதில் ஒரு வசதி எப்போது தயாராகிறதோ அப்போதே வந்துவிடும். மன்த்லி என்டர்பிரைஸ் சேனலில் மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் செவ்வாய்க்கிழமை அன்று மட்டும் வரும். உங்கள் கணினி எந்தத் தடத்தில் இருக்கிறது என்பதும் அக்கவுண்ட் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். அதைப் படித்துக் குறித்துக்கொண்டு, இரண்டாவது தடத்துக்கு மாற்றித் தருமாறு கணினிப் பிரிவுக்கு எழுத்துமூலம் கோருங்கள். மாற்றம் நின்றுவிடாது, ஆனால் அது எந்த நாளில் வரும் என்பது தெரிந்திருந்தால் அன்று அவசர வேலையை வைத்துக்கொள்ளாமல் இருக்கலாம். என்விடிஏவையும் அதே வாரத்தில் புதுப்பித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு.

கோரிக்கை மறுக்கப்பட்டால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 20ஆம் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள். மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கு நியாயமான வசதிகளையும் தடையற்ற பணிச்சூழலையும் அரசு நிறுவனங்கள் செய்து தர வேண்டும் என்று அதன் 2ஆம் உட்பிரிவு சொல்கிறது. ஒரு கணினியின் புதுப்பிப்புத் தடத்தை மாற்றுவதற்கு அலுவலகத்துக்குச் செலவு எதுவும் இல்லை என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள். சட்டப்பிரிவைவிட அந்த வரி விரைவாக வேலை செய்யக் கண்டிருக்கிறேன்.

குறிப்புரைகளைப் பொறுத்தவரை, குறிப்புரை உள்ள சொல்லின்மேல் நின்று என்விடிஏ, ஆல்ட், சி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் அதைப் படித்துச் சொல்லும். பக்கவாட்டுப் பலகத்துக்குள் போய்த் தேட வேண்டியதில்லை.

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் தமிழ் ஆசிரியர். பழைய வினாத்தாள்கள், பாடக் குறிப்புகள் எல்லாம் வேர்ட் கோப்புகளாகவே உள்ளன. திறந்தால் திரைவாசிப்பான் ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக வாசிக்கிறது. ஆஃபிஸ் 2024க்கு மாறினால் இது சரியாகுமா?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: சரியாகாது. இந்தக் குறைக்கும் ஆஃபிஸ் பதிப்புக்கும் தொடர்பில்லை என்பதால் இதற்காகப் பணம் செலவிட வேண்டாம். அந்தக் கோப்புகள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். பாமினியில் 'தமிழ்' என்ற சொல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பவை ஆங்கில விசைப்பலகையின் ஜே, கே, பி (P), ஓ ஆகிய எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்துவதுதான் எழுத்துருவின் வேலை. கண் அந்த உருவத்தைப் படிக்கிறது. திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைப் படிக்கிறது. உண்மையில் அது பிழையே செய்யவில்லை, நமக்குத்தான் பயனில்லை.

இதற்கு ஒரே வழி, கோப்புகளை ஒருங்குறிக்கு, அதாவது யூனிகோடுக்கு மாற்றுவது. பாமினியிலிருந்து மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. உரை முழுவதையும் ஒரே மூச்சில் மாற்றினால், வினாத்தாளின் இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகச் சிதைந்துவிடும் என்பதால், ஆங்கிலப் பகுதிகளை விலக்கிவிட்டுப் பத்தி பத்தியாக மாற்றுங்கள். ஓரிடத்தில் நின்று என்விடிஏ விசையோடு எஃப் அழுத்தினால் அங்குள்ள எழுத்துருவின் பெயரைச் சொல்லும். எது பாமினி, எது ஆங்கிலம் என்று பிரிக்க அதுவே போதும். இனிமேல் வரும் கோப்புகளை ஒருங்குறியில் தருமாறு சக ஆசிரியர்களிடமும் சொல்லி வையுங்கள்.

குரலுக்காகப் புதிய விண்டோஸ் உதவும். விண்டோஸ் அமைப்புகளில் தமிழ் (இந்தியா) மொழியைப் பேச்சு வசதியுடன் சேர்த்தால் வள்ளுவர் என்ற தமிழ்க் குரல் கிடைக்கும். என்விடிஏவில் விண்டோஸ் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்து அதைப் பயன்படுத்தலாம். என்விடிஏவுடனேயே வரும் இஸ்பீக் ஒலிப்பானும் தமிழ் பேசும். கேட்க இயந்திரத்தனமாக இருந்தாலும் வேகத்தைக் கூட்டும்போது சொற்களை விழுங்காமல் படிப்பது அதுதான். நான் மெய்ப்புப் பார்ப்பதற்கு இன்றும் அதையே வைத்திருக்கிறேன்.

கேள்வி: கல்லூரி மாணவன். ஆஃபிஸ் வாங்கப் பணம் இல்லை. லிப்ரே ஆஃபிஸ் இலவசம் என்கிறார்கள். திரைவாசிப்பானுடன் அதை நம்பலாமா?
– மாணவர், மதுரை

பதில்: நம்பலாம், சில எல்லைகளுடன். 2010இல் ஓப்பன் ஆஃபிஸிலிருந்து பிரிந்து வந்த லிப்ரே ஆஃபிஸ், தொடக்கக் காலத்தில் விண்டோஸில் பேசுவதற்கு ஜாவாவையும் அதற்கான இணைப்புப் பாலத்தையும் தனியே நிறுவ வேண்டியிருந்தது. பலர் அப்போது அதைக் கைவிட்டவர்கள். அந்தக் கசப்பில்தான் இன்னும் அதைக் குறை சொல்கிறார்கள். இப்போது அந்தப் பாலம் தேவையில்லை. நிறுவியவுடன் என்விடிஏ அதைப் படிக்கிறது. நமக்கு அதில் உள்ள பெரிய இன்பம் என்னவென்றால், இயல்பாகவே அது பழைய மெனுக்களுடன் திறக்கிறது. ஆல்ட் எஃப் அழுத்தினால் ஃபைல் மெனு. கீழம்பால் இறங்கிப் போனால் எல்லாம் பெயரோடும் குறுக்குவிசையோடும் கேட்கும். புதிதாகக் கற்பவருக்கு ரிப்பனைவிட இது எளிது என்பதே என் கருத்து.

அதன் எழுத்துச் செயலியான ரைட்டரில் கட்டுரை எழுத, கன்ட்ரோலுடன் 1, 2, 3 அழுத்தித் தலைப்புகளை அமைக்க, எஃப்5 அழுத்தி நேவிகேட்டரில் தலைப்பு விட்டுத் தலைப்புக்குத் தாவ எந்தச் சிரமமும் இராது. ஆயிரக்கணக்கான வரிசைகள் உள்ள விரிதாளிலும், சிக்கலான அட்டவணைகளிலும் வேர்டும் எக்செலும் தரும் அளவுக்குத் தகவல் கிடைப்பதில்லை, வேகமும் குறைவு. பதிவிறக்கப் பக்கத்தில் பொதுவாக இரண்டு பதிப்புகள் இருக்கும். 24.2 முதல் பதிப்பு எண்ணே ஆண்டையும் மாதத்தையும் குறிப்பதால் எது பழையது என்று எளிதில் தெரியும். தேர்வு நெருங்கும் காலத்தில் பழையதை எடுங்கள். புதியதில் ஏதேனும் ஒன்று பேச மறுத்தால் அதைச் சரிசெய்ய உங்களுக்கு அப்போது நேரம் இருக்காது.

பேராசிரியருக்கு அனுப்பும் முன் கோப்பு வேர்ட் வடிவத்தில் இருக்க வேண்டும். டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் லோட்/சேவ், அதில் ஜெனரல் என்று சென்று, சேமிக்கும் வடிவத்தை நிரந்தரமாக வேர்டுக்கு மாற்றிவிடுங்கள். அனுப்பும் முன் ஒருமுறை வேறொருவர் கணினியில் வேர்டில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பக்க எண்ணும் படங்களும் இடம் மாறியிருப்பது நமக்குக் காதில் தெரியாது.

கேள்வி: என்னிடம் ஜாஸ் 16 உள்ளது. அதை வைத்துக்கொண்டு ஆஃபிஸ் 2024 வாங்கலாமா?
– தட்டச்சர், ஈரோடு

பதில்: வேண்டாம். உங்கள் ஜாஸ் 2014இல் வெளிவந்தது; அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து வந்த ஆஃபிஸை அது அறியாது. மெனுவைப் படிக்கும், புதிய பலகங்களில் மௌனமாகிவிடும். அந்த மௌனத்தை ஆஃபிஸின் குறை என்று நினைத்துக்கொண்டு பதிப்பு மாற்றி மாற்றி அலைந்தவர்கள் எனக்குத் தெரியும். புதிய ஜாஸை உரிமம் இல்லாமலேயே 40 நிமிடங்கள் இயக்கிப் பார்க்கலாம்; நேரம் முடிந்ததும் கணினியை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். அந்த 40 நிமிடங்களில் உங்கள் அன்றாட வேலை ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பாருங்கள். மேம்படுத்தப் பணம் இல்லையென்றால் என்விடிஏவுக்கு மாறுங்கள். இன்சர்ட் விசையே அங்கும் தலைமை விசை என்பதால் கை விரைவில் பழகிவிடும்.

கேள்வி: ஆஃபிஸை நிறுவும்போது 32 பிட்டா, 64 பிட்டா?
– வாசகர், சேலம்

பதில்: படிப்பதில் வேறுபாடு இல்லை. அலுவலகத்தில் பழைய 32 பிட் துணைநிரல் ஏதேனும் எக்செலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் 32. மற்றபடி 64.

கேள்வி: அவுட்லுக்கில் 'புதிய அவுட்லுக்கை முயன்று பாருங்கள்' என்று திரும்பத் திரும்ப வருகிறது. மாறலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு மாறாதீர்கள். புதிய அவுட்லுக் பெயரளவில்தான் செயலி. உள்ளே அது ஒரு வலைப்பக்கம். பழைய அவுட்லுக்கில் அஞ்சல் பட்டியலில் கீழம்பை அழுத்தினால் அனுப்பியவர், பொருள், தேதி என்று வரிசையாகக் கேட்கும். புதியதில் உலாவல் முறையில் (விசைகள் பக்கத்தில் நகர உதவும் நிலை) இருக்கிறோமா, தட்டச்சு முறையில் இருக்கிறோமா என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாளில் நூறு அஞ்சல் பார்ப்பவருக்கு அது சோர்வு தரும். பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. அறியாமல் மாறிவிட்டால், சாளரத்தின் மேற்பகுதியில் நியூ அவுட்லுக் என்று ஒரு மாற்றுப் பொத்தான் இருக்கும். எஃப்6 விசையை அழுத்திக்கொண்டே வந்து மேற்பட்டையை அடைந்து, பிறகு டேப் அழுத்தி அதைக் கண்டுபிடித்து, ஸ்பேஸ் தட்டி அணைத்துவிடுங்கள். அது தென்படாவிட்டால் ஹெல்ப் தாவலில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் எல்லாரும் கூகுள் டாக்ஸில்தான் எழுதுகிறார்கள். எனக்கு மட்டும் ஒரு வரிகூடக் கேட்கவில்லை.
– கணினி ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: அங்கே திரைவாசிப்பான் ஆதரவை நாமே இயக்க வேண்டும். ஆவணத்தைத் திறந்ததும் கன்ட்ரோல், ஆல்ட், இசட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ஆதரவு இயக்கப்பட்டது என்று குரல் வரும். பிறகு என்விடிஏ விசையோடு ஸ்பேஸ் அழுத்தித் தட்டச்சு முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். உலாவல் முறையில் இருந்தால் நீங்கள் அடிக்கும் ஹெச் என்ற எழுத்து ஆவணத்தில் விழாமல், அடுத்த தலைப்பைத் தேடிக்கொண்டு போய்விடும். மெனுவில் எது எங்கே என்று தெரியாதபோது ஆல்ட் விசையோடு சாய்கோட்டை அழுத்தித் தேடலாம். வேர்டின் இணையப் பதிப்பிலும் இதே தட்டச்சு முறைதான் வேண்டும். ஜாஸ் வைத்திருப்பவர்கள் இன்சர்டுடன் இசட் அழுத்தி விர்ச்சுவல் கர்சரை (ஜாஸின் உலாவல் முறையை) அணைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.